ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்

அவளைப் பற்றி எழுதப் போகிறேன் என்று அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "எழுதிக்கத்தா, எனக்கென்ன" என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் அதோடு நிற்க மாட்டாள். அவள் புருஷனிடம் ஒரு வார்த்தை, மாமியாரிடம் ஒரு வார்த்தை, இதில் வருகிற கயிற்று வியாபாரியிடம் ஒரு வார்த்தை என்று ஊர் முழுக்கக் கேட்டுவிட்டு எழுதச் சொல்வாள். அதற்குள் எனக்குத் தலை நரைத்துவிடும். ஆகவே கேட்காமலே எழுதுகிறேன், பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அக்கா என்றே இருக்கட்டும்.

"எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்." எந்நேரமும் இதுதான் அவள் பேச்சு. மழை வந்தால் நாமெல்லாம் என்ன செய்வோம்? பக்கத்தில் இருக்கிற கடை வாசலில் ஓடி ஒதுங்குவோம். அக்கா தெருவிலேயே நின்று, "செத்த நேரம் நிக்கட்டுமாண்ணே" என்று கடைக்காரரைக் கேட்பாள். அவர் செல்போனில் பேசி முடித்து, நிமிர்ந்து பார்த்து, "வாங்கம்மா" என்று சொல்வதற்குள் தொப்பலாக நனைந்திருப்பாள். கன்றுக்குட்டியைத் தடவிக் கொடுக்க வேண்டுமென்றால் மாட்டுக்காரர் எங்கே என்று தேடுவாள். பழகிய முதல் வாரத்தில் இதை மரியாதை என்று நினைத்தேன். இரண்டாவது வாரத்தில் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் ஊர் நேமத்தான்பட்டி. ஒருமுறை அங்கே போயிருந்தபோது, பூட்டிக் கிடந்த பெரிய வீடு ஒன்றின் மதிலைத் தாண்டித் தொங்கிய கொய்யாக் கிளையிலிருந்து பழம் ஒன்று எங்கள் முன்னால் தொப்பென்று விழுந்தது. நல்ல பழம். எனக்கு நல்ல பசி. எடுத்துத் துடைத்துக் கடிக்கப் போனேன். வெடுக்கென்று என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். நேரே போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, "ஆச்சி" என்று கூப்பிட்டாள். அந்த வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், தைக்கு வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

"பூட்டுத் தொங்குதுல்லக்கா, கண்ணு தெரியலயா?" என்றேன்.

"தெரியுது. கேக்குறது நம்ம கடமை" என்று சொல்லிவிட்டுப் பழத்தை மதில்மேல் வைத்துவிட்டு வந்தாள். அது அணிலுக்குப் போகும், எங்களுக்கு ஆகாது. அணிலிடம் கேட்டாயா என்று கேட்டேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாளே தவிர, பழத்தைத் தரவில்லை.

ஏன் இப்படி என்று ஒருநாள் கோபமாகவே கேட்டுவிட்டேன். அப்போதுதான் அவள் கல்யாணக் கதையைச் சொன்னாள். டைப்ரைட்டிங் வகுப்பு விட்டு வருகிற வழியில் பூக்காரம்மா அவளை நிறுத்தி, "மாலைக்கு ஒனக்கு ரோசாவா, சம்மங்கியாத்தா?" என்று விசாரித்திருக்கிறாள். எந்த மாலைக்கு என்று அக்கா கேட்டிருக்கிறாள். பூக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாளாம். வீட்டுக்குப் போனால் பேசி முடித்து, நாள் குறித்து, சமையலுக்கு ஆள்கூடச் சொல்லியாகிவிட்டது. சொந்த அப்பா, சொந்தச் சித்தப்பா, எல்லாரும் நல்லவர்கள்தான். பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்கிற சந்தோஷத்தில் பிள்ளையிடம் கேட்க வேண்டும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நான் ரோசான்னு சொல்லிட்டு வந்துட்டேன். அந்தக் கல்யாணத்துல என்னையக் கேட்டது பூக்காரம்மா மட்டுந்தான்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். புருஷன் எப்படி என்று கேட்டதற்கு, "அவுக பாவம், அவுகளயும் யாரும் கேக்கல" என்று அதற்கும் சிரித்தாள். அந்த மனிதர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். ஒருநாள் போனில் பேசும்போது, 'சும்மாதானே இருக்கே, ஏதாச்சும் படிக்கிறியா' என்று கேட்டாராம். அப்படி ஒருத்தர் கேட்டுவிட்டாரே என்பதற்காகவே காரைக்குடியில் நாங்கள் ஒன்றாகப் படித்த புகைப்பட வகுப்பில் வந்து சேர்ந்தாள். அவளுக்குப் படம் பிடிப்பதில் பைத்தியமெல்லாம் கிடையாது.

எனக்கு இருந்தது. அங்கேதான் சிக்கல். நான் ஜவுளிக்கடையில் பகல் முழுக்கப் புடவை பிரித்துக் காட்டி, காட்டியதை மடித்து, மடித்ததை மறுபடி பிரித்துக்கொண்டிருந்தவள். ஒரு இடத்தில் நிற்கவே பிடிக்காத எனக்கு அந்த வேலை நரகம். வேலையை விட்டுவிட்டு வந்து வீட்டில் சொன்னபோது அம்மா சத்தம் போடவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். முதல் பருவத்தில் தேறினால் படி, தேறாவிட்டால் பேசாமல் கடைக்குத் திரும்பிப் போ. முதலாளியிடம் அவளே போய்ப் பேசி இடத்தைப் பிடித்தும் வைத்துவிட்டாள். அதனால் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் என் கால் ஆடிக்கொண்டேதான் இருக்கும். இப்படிப்பட்டவளுக்கு ஜோடியாக, வருகைப் பதிவு வரிசைப்படி, அக்கா வந்து வாய்த்தாள்.

முதல் பருவம் முழுக்க பிலிம் கேமராதான் என்று சார் சொல்லிவிட்டார். செல்போனில் ஆயிரம் அமுக்கலாம், பிலிம் ரோலில் அளவாகத்தான் இருக்கும், அமுக்குவதற்கு முன்னால் விரல் யோசிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அக்காவின் விரலுக்கு அந்தப் பயிற்சி தேவையே இல்லை. புதிதாகக் கடையில் கிடைக்காத பொருள் என்பதால் இரண்டு பேர் சேர்ந்து, ஆளுக்குப் பாதி போட்டு, பழைய கேமரா ஒன்று தேடி வாங்கிக்கொள்ள வேண்டும். பருவ முடிவில் ஜோடிக்கு ஒரு ரோல் கொடுக்க வேண்டும். முதல் பாதி ஒருத்தி எடுத்தது, மறு பாதி இன்னொருத்தி எடுத்தது. ரோலைக் கழுவிப் பார்த்து, ஒவ்வொரு படத்துக்கும் எடுத்தவளை எழுப்பிக் கேள்வி கேட்பார். ஒருத்தி தவறினாலும் இருவருக்கும் தேர்ச்சி இல்லை.

எதைப் பார்த்து வாங்குவது என்பதையும் சொல்லிக் கொடுத்தார். லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே பூஞ்சை நூல் மாதிரி ஓடக்கூடாது. பின்கதவைத் திறந்தால் வெளிச்சத்தை அடைக்கிற கறுப்பு ஸ்பாஞ்சு பிசுபிசுக்கக் கூடாது. ஷட்டரை ஒரு நொடியில் வைத்து அமுக்கினால் திறந்து, ஒரு நொடி நின்று, மூட வேண்டும். வெளிச்சம் அளக்கிற முள் ஆட வேண்டும். இவ்வளவுதான். நான் இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டேன். அக்கா கேட்ட ஒரே சந்தேகம், அந்தக் கேமரா அதற்கு முன்னால் யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது. சார் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்துவிட்டார்.

இணையத்தில் நிறையக் கிடைத்தன. விற்கிறவர் முகத்தைப் பார்க்காமல் எப்படி வாங்குவது என்று எல்லாவற்றையும் தள்ளிவிட்டாள். தேவகோட்டையில் ஸ்டுடியோவை மூடிவிட்ட ஒருவரிடம் நல்ல ஜப்பான் கேமரா இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். பூஞ்சை இல்லை, பிசுபிசுப்பு இல்லை, ஷட்டர் கச்சிதம். மனிதரும் சந்தோஷமாகக் கொடுக்கத் தயார். நான் பையில் கையை விட்டுவிட்டேன். அக்கா ஆரம்பித்தாள்.

"ஒங்க மகனுக்குத் தெரியுமாண்ணே, இத விக்கிறது?"

மகன் திருச்சியில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை வருவான், அவனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை என்றார் அவர். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை வந்து அவனை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கிக்கொள்கிறோம் என்று எழுந்துவிட்டாள். நான் காலில் விழாத குறை. அசையவில்லை. சனிக்கிழமை எங்கள் வகுப்பிலேயே இன்னொரு ஜோடி போய் அதை வாங்கிவிட்டது. திங்கட்கிழமை அந்தப் பெண் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றபோது எனக்கு வயிறு எரிந்தது. அக்கா போய் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "நல்லாருக்குத்தா. மகன்ட்ட கேட்டீகளா?" என்றாள். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்த மகன் என்று என்னைப் பார்த்தார்கள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு என் பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடினேன். அது அக்காவின் கையில் காலியாக இருந்தது.

இடையில் ஒருநாள் சார் தன்னுடைய கேமராக்களைக் கொடுத்து எங்களைத் திங்கள் சந்தைக்கு அனுப்பினார். நான் ஓடி ஓடி எடுத்தேன். தராசைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற மீன்காரம்மா, வாழைத்தார் தோளில் ஏறும்போது முகம் கோணுகிற சுமைக்காரர் என்று என்னென்னவோ சிக்கியது. அக்கா சந்தை முழுக்க ஒரே ஒரு ஆளிடம்தான் போனாள். கயிறு விற்கிறவர். கயிற்றை முறுக்கிப் பார்த்து வாங்குகிறவரோடு அவர் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார், அருமையான காட்சி. இவள் போய், "ஒங்களப் படம் எடுத்துக்கிறவாண்ணே" என்று கேட்டாளோ இல்லையோ, எல்லாம் நின்றுபோயிற்று. சட்டைப் பொத்தானைப் போட்டார். தலை சீவினார். டீக்கடையிலிருந்து பெண்சாதியை வரவழைத்தார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அடையாள அட்டையில் ஒட்டுகிற மாதிரி ஒரு படம்.

கேட்டால் முகம் மாறிப்போகும் அம்மா, கேட்கக் கூடாது என்று சார் வகுப்பில் அவளுக்குத் தனியாகவே சொன்னார்.

"மாறட்டும் சார். அது அவுக மொகந்தானே, எப்படி வேணுன்னு அவுகதான சொல்லணும்" என்றாள்.

சார் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அந்தப் படத்தில் கயிற்றுக்காரரின் பெண்சாதி புருஷனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பதை நான் பல மாதம் கழித்துத்தான் கவனித்தேன்.

பருவம் முடிய இரண்டு வாரம் இருந்தது. எங்களைத் தவிர எல்லா ஜோடியிடமும் கேமரா வந்துவிட்டது. எனக்கு ராத்திரி தூக்கத்தில் புடவையாக மடித்துக்கொண்டிருக்கிற கனவு வரத் தொடங்கியது. இனி பொறுப்பதில்லை என்று அக்காவை இழுத்துக்கொண்டு பழஞ்சாமான் கடைகள் இருக்கும் தெருவுக்குப் போனேன். பெரிய வீடுகளிலிருந்து வெளியேறுகிற பீங்கான், எனாமல் தூக்கு, கடிகாரம், கதவு நிலை எல்லாம் கடைசியில் வந்து சேர்கிற தெரு அது. ஒரு கடையில், கடிகாரங்களுக்கு நடுவே, தோல் உறையோடு ஒரு கேமரா. எடுத்தேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன், சுத்தம். பின்கதவைத் திறந்தேன், யாரோ ஸ்பாஞ்சு மாற்றியிருந்தார்கள். ஷட்டர் ஒரு நொடி நின்று சட்டென்று மூடியது. முள் ஆடியது.

"எந்த வீட்டுச் சாமாண்ணே இது?" என்றாள் அக்கா.

அந்தத் தெருவில் கேட்கக் கூடாத கேள்வி அது. கேட்டாலும் ஒரு கடைக்காரரும் சொல்ல மாட்டார். இந்தக் கடைக்காரர் பொறுமைசாலி. திருட்டுச் சாமான் தன் கடையில் கிடையாது, அந்த வீட்டு அண்ணன்காரரே கையோடு கொண்டுவந்து கொடுத்ததுதான் என்று மட்டும் சொன்னார்.

"அண்ணன்னா, தம்பி ஒருத்தர் இருப்பாருல்ல?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் அவள் எதைச் சொல்கிறாள் என்று. பெரிய வீடு என்றால் பங்காளிகள் எல்லாருக்கும் பொது. ஆளுக்கு ஓர் அறை, அந்த அறைக்கு ஒரு பூட்டு, பொதுச் சாமானுக்குத் தனியாக ஓர் அறை. அதிலிருந்து எதை வெளியே கொண்டுபோவதாக இருந்தாலும் எல்லாரும் சேர்ந்து பேச வேண்டும். பேசாமல் ஒருத்தர் எடுத்து விற்றுவிட்டால், அடுத்த கல்யாணத்துக்குக் கதவைத் திறக்கும்போதுதான் மற்றவர்களுக்குத் தெரியும். இதெல்லாம் சரிதான். அதற்கு நான் ஏன் புடவை மடிக்க வேண்டும்? என் பாதிப் பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அக்கா பார்த்தாள். "ஒன் மூஞ்சிக்காகத்தாண்டி" என்று சொல்லித் தன் பாதியை வைத்தாள்.

நாளுக்கு ஒருத்தியாக வைத்துக்கொள்வதென்று ஏற்பாடு. என் நாட்களில் நான் பறந்தேன். அரியக்குடிக் கோயில் வாசலில் செருப்புக் காவல் இருப்பவர், பேருந்து நிலையத்தில் பிள்ளைக்குச் சட்டை மாட்டுகிற தாய், எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வந்ததும் நடக்கிற கலவரம். என் பாதி முடிந்தது. ஒவ்வொன்றையும் யோசித்து எடுத்திருந்தேன். இதற்கு முன்னாலும் பின்னாலும் அவ்வளவு ஆசையாக நான் எதையும் செய்ததில்லை.

அக்காவின் நாட்களில் கேமரா உறையைவிட்டு வெளியே வரவில்லை. தோல் வெடித்திருக்கிறதே என்று உறைக்குத் தேங்காயெண்ணெய் தடவியிருக்கிறாள். தடவத் தடவ உள்பக்கம் எழுத்துகள் தெளிந்து வந்திருக்கின்றன. எங்கள் பக்கத்துச் செட்டியார் வீடுகளில் அண்டாவிலிருந்து கரண்டிவரை வீட்டு விலாசம் வெட்டியிருப்பார்கள், பாட்டன் பெயர், அப்பா பெயர் இவற்றின் முதலெழுத்துகள். கேமரா உறையிலும் யாரோ சுட்டுப் பொறித்து வைத்திருந்தார்கள். பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவரிடம் காட்டினால் அவர் பார்த்த மாத்திரத்தில் நாட்டரசன்கோட்டையில் இன்ன தெரு என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எடுக்கிறாயா இல்லையா என்று நான் தினமும் சண்டை போட்டேன். கையே ஓடவில்லை என்றாள். உன் பாதியையும் நானே எடுத்துத் தருகிறேன் என்றேன். சார் கேள்வி கேட்டால் நான் எடுத்தேன் என்று எப்படி வாய் கூசாமல் சொல்வது என்றாள்.

திங்கட்கிழமை காலையில் ரோலைக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நாட்டரசன்கோட்டைக்குப் போய் அந்த வீட்டுத் தம்பியை ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், திரும்பி வருகிற வழியிலேயே தன் பாதியை எடுத்து முடித்துவிடுவாள், சத்தியம். எனக்கு வேறு வழியில்லை. அவள் எடுக்காவிட்டால் நானும் தேற மாட்டேன். சிவகங்கை பேருந்தில் ஏறினோம்.

வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. கண்ணாத்தா கோயிலிலிருந்து இரண்டு தெரு. ஐம்பது வயது இருக்கும், மேல்சட்டை போடாமல் ஒருவர் வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், உட்கார்ந்து கொசு மட்டைக்குப் புது வயர் வைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் தம்பி. அண்ணன் சென்னையில் இருந்தார். அக்கா வந்த விஷயத்தைச் சொல்லி, உறையோடு கேமராவை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் உறையைக் கழற்றினார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். பிறகு அவர் விரல்கள் தாமாகவே மேலே இருந்த திருகைப் பிடித்துத் தூக்கின. பின்கதவு டப்பென்று திறந்துகொண்டது.

நான் கத்திய கத்தலில் உள்ளேயிருந்து அவர் வீட்டு ஆச்சி ஓடிவந்துவிட்டார். வளவில் உச்சி வெயில். பிலிம் அந்த வெயிலில் பளபளவென்று கிடந்தது. கழுவாத பிலிமில் வெளிச்சம் பட்டால் எடுத்ததெல்லாம் அழிந்துவிடும். செருப்புக் காவல்காரர் போனார், சட்டை மாட்டுகிற தாய் போனாள், தண்ணீர் லாரி போயிற்று. இவருடைய அப்பா படம் எடுத்து முடித்து ரோலைச் சுற்றியதும் கதவைத் திறப்பது சின்ன வயதில் இவர் வேலையாம். உள்ளே ரோல் இருக்கும் என்று நினைக்கவே இல்லையாம். என் முகத்தைப் பார்த்து, "மன்னிச்சிரும்மா, மன்னிச்சிரும்மா" என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சரி, இனியாவது கேமராவை வாங்கிக்கொண்டு ஓடினால், புது ரோல் போட்டு, பொழுது சாய்வதற்குள் எதையாவது எடுத்து நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று என் மனது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அப்போது அக்கா வாயைத் திறந்தாள்.

"அண்ணே, இத வித்தது ஒங்களுக்குச் சம்மதந்தானா? சம்மதம்னா எடுத்துக்கிட்டுப் போறோம். இல்லைன்னா வச்சுக்கங்க."

இடுப்பில் நன்றாகக் கிள்ளினேன். அவள் அசையவில்லை. அவர் பின்கதவை மூடி, மறுபடி திறந்து, மறுபடி மூடினார்.

"இந்த வீட்டுல என்னைய யாரும் எதுவும் கேட்டதில்லம்மா" என்றார். "அண்ணன்ட்ட போய் ஏண்ணே கேக்கலன்னு கேட்டா, நீ வேற நான் வேறயாடா, ஒன்ட்ட என்னத்தக் கேக்குறதும்பாக. நீங்க கேட்டுட்டீக. கேட்டதுனால சொல்றேன். எனக்குச் சம்மதமில்ல."

"சரிண்ணே" என்றாள் அக்கா. உறையையும் எடுத்து அவர் மடியில் வைத்தாள். அவர் பணம் எடுத்துவர உள்ளே போகப் பார்த்தார். வேண்டாம், அதை அண்ணனிடம் கேட்டு வாங்கி அனுப்புங்கள், உங்கள் கைக்காசு எதற்கு என்று அவளே சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள்.

பேருந்து நிறுத்தம்வரை அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். அங்கே போய்த்தான் வெடித்தேன். கடைக்காரனைக் கேட்டாய், மகனைக் கேட்கவில்லை என்று விட்டாய், கயிற்றுக்காரனைக் கேட்டாய், பூட்டிய வீட்டைக் கேட்டாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதேன். அழுகிற பெண்ணைப் பார்க்க இரண்டு பேர் கூடிவிட்டார்கள். எனக்கு வெட்கமில்லை.

"அதுல பாதி என்னுதுக்கா. குடுக்கட்டுமான்னு என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?"

அக்கா என்னைப் பார்த்தபடி நின்றாள். சமாளிக்கிற பார்வை இல்லை. நிஜமாகவே அவளுக்கு அது தோன்றவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"ஒன்னயவா?" என்றாள். பிறகு, "ஒன்னய வேறயா நெனைக்கலயேடி" என்றாள்.

அந்த அண்ணன்காரர் சொன்ன அதே பேச்சு. சொன்ன பிறகு அவளுக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். முகம் சுண்டிப்போய்விட்டது. எனக்கோ ஒரேயடியாக ஆத்திரமும் வேறு என்னவோவும் சேர்ந்து வந்தது. அவள் என் டிபனைத் திறந்து பாதியைத் தின்றது, என் குடையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனது, என் துப்பட்டாவில் கை துடைத்தது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. உலகத்தையே கேட்கிறவள் என்னிடம் மட்டும் ஒருநாளும் எதையும் கேட்டதில்லை. எனக்கு அது அன்றுவரை உறைக்கவே இல்லை.

மறுநாள் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரோல் இல்லாமல் போய் நின்றோம். சார் எங்கள் இருவருக்கும் அந்தப் பருவம் இல்லை என்றார். நான் ஜவுளிக்கடைக்குத் திரும்பிப் போய், தீபாவளிக் கூட்டம் முழுக்கப் புடவை பிரித்துக் காட்டி, அடுத்த ஆண்டு மறுபடி சேர்ந்தேன். அக்கா சேரவில்லை. சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டுக்கொண்டார்கள் என்று கேள்வி. இன்றைக்கு எனக்குச் சொந்தமாக ஸ்டுடியோ இருக்கிறது. அந்த ரோலை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் அதைவிட மோசமாக என்னைப் பிடித்து உலுக்குவது அந்தப் பேருந்து.

கூட்டமில்லாத பேருந்து. நான் ஏறி சன்னல் ஓரமாக, இரண்டு பேர் சீட்டில் உட்கார்ந்தேன். பின்னாலேயே ஏறிய அக்கா வழக்கம்போல என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். வண்டி கிளம்பியும் நின்றாள்.

"இங்குட்டு உக்காரட்டுமாத்தா?" என்று கேட்டாள்.

பக்கத்து இடத்திலிருந்து என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் சீட்டின் நுனியில், புடவை என்மேல் படாமல் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தாள்.